பட்டணத்தில் குடியிருக்கும் இடம் தேர்தல்

(கயத்தாற்றில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் கல்வியைப் பற்றியும், ஒற்றுமையைப் பற்றியும், திருமணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் பெரியோர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட பணி வேறு. சென்னைக்குப் பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகள் எவ்விடத்தில் வீடு பார்த்தல் நலம் என்பதைப் பற்றிச் சில சொல்லுமாறு பணித்தார். தமிழ்ப் பண்டிதனுக்கும் வீட்டுக் குடிக்கூலிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். தொடர்பு உண்டு. பன்னிரண்டு ஆண்டு பள்ளியிற் பெற்ற கல்வியும், அதன்மேல் மூன்று நான்கு ஆண்டு கல்லூரியிற் பெற்ற பட்டமும், பொருந்தாத ஓரிடத்திற் குடிபுகுந்த ஒரே காரணத்தால் பயன்படாமற் போதலை நான் கண்டு வருகின்றேன். ஆதலின் இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சேயாம்.

முன்னோர் சென்ற நெறி

வழியறிந்து குடியேறுதல் நமக்குப் புதிதன்று. நம் ஊர் நிற்பதே வழியின்மேல். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கும் குமரிக்கும் செல்லும் பெருவழி இதன் வழியே போயிற்று. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாளையக்காரர் பலரையும் கூட்டிவைத்து, அவர் கண்முன் வீரபாண்டியக் கட்டபொம்மனாரைத் தூக்கிலிட்ட இடமும் இவ்வூரே. பலரும் எளிதில் வந்து கூடத்தக்க ஊராக அன்றே இது விளங்கிற்று.

பின்னர் 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை இட்டனர். அப்பாதை கோவிற்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகச் சென்றது, கயத்தாற்றைத் தொடவில்லை. ரயில் நின்ற கோவிற்பட்டியில் பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் பெருகின. நம் ஊர் சாலையை மட்டும் நம்பி நின்றது. நாற்கரச் சாலை வந்தபின், தொலைதூரப் பஸ்களுட் பல ஊருக்குள் வாராமற் புறவழியே விரைந்து போதலையும் நாம் அறிவோம். வழி விலகினால் வாழ்வு எங்ஙனம் விலகும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து கொழும்புக்கு வாணிகம் செய்யச் சென்றோர், துறைமுகத்தையும் ரயில் நிலையத்தையும் அடுத்த புறக்கோட்டையிற் கடை வைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்குச் சென்ற ஏழை மக்கள் தாராவியிற் குடியேறினர். தாராவி எங்குள்ளது? மேற்கு ரயில்வே ஒருபுறம், மத்திய ரயில்வே மறுபுறம், இரண்டுக்கும் நடுவில் உள்ளது. மாகிம் நிலையமும் சயான் நிலையமும் அதற்கு இரு வாயில்கள். இட நெருக்கடியும் அழுக்கும் அங்கே மிகுதி என்பது உண்மை. எனினும், கையிற் காசின்றிச் சென்றவன் நடந்து போய் வண்டியேறி நகரின் எப்பகுதியிலும் வேலை தேடலாம் என்னும் ஒரு நன்மை அங்கிருந்தது. எழுத்தறியாத அம்மக்கள் அறிந்திருந்ததைப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் அறியாதிருத்தல் தகுமா?

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசன் பகைமேற் செல்லுதற்கு முன் ஆராய வேண்டியவை அவை. நகரத்தில் வீடு பார்க்கப் புறப்படும் குடும்பத்தலைவனுக்கும் அம்மூன்றுமே போதும். அவ்வரிசையிலேயே நானும் செல்கின்றேன்.

வலியறிதல்

இங்கு வலி என்பது பொருள்வலி. நம்மவர் வீடு பார்க்கும்போது கேட்கும் முதற்கேள்வி, "வாடகை எவ்வளவு?" என்பது. அது முறையான கேள்விதான், ஆனால் அரைக்கேள்வி.

ஒரு கணக்குச் சொல்கின்றேன். எண்கள் கணக்கின் பொருட்டு யான் வைத்துக் கொண்டவை. நகரின் புறத்தே ரயிலில்லாத ஓரிடத்தில் ஒரு வீடு. வாடகை மாதம் 9,000 ரூபாய். ரயில் நிலையத்திற்கு அருகே அதேபோல் ஒரு வீடு. வாடகை 12,000 ரூபாய். முதல் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். இரண்டாம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலையென்றால், மிச்சமாவது 50 மணி நேரம். 3,000 ரூபாயை 50-ஆற் பகுத்தால் மணிக்கு 60 ரூபாய். முதல் வீட்டிற் குடியிருப்பவன் தன் ஓய்வை மணிக்கு 60 ரூபாய்க்கு விற்கின்றான் என்பது பொருள்.

கணக்கு இன்னும் முடியவில்லை. புறத்தே இருப்பவனுக்கு இருசக்கர வண்டி இன்றியமையாதது. பெட்ரோலும் பழுதுபார்ப்பும், மற்றவன் வாங்கும் ரயில் சீசன் டிக்கெட்டைக் கழித்துப் பார்த்தால், மாதம் 2,000 ரூபாய் மிகுதியாகின்றன என்று கொள்வோம். அப்போது இரு வீட்டிற்கும் உள்ள உண்மை வேற்றுமை ஆயிரமே. மணிக்கு 20 ரூபாய்! நம் ஊரில் எந்தக் கூலியாளும் அவ்விலைக்கு ஒருமணி நேரம் உழைக்க உடன்படான். ஆண்டுக்கு 600 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாக முழுதாய் 25 நாள், சாலையிலே போகின்றன. ஆதலால் வாடகையையும் வழிச்செலவையும் ஒன்றாய்க் கூட்டிப் பார்த்தபின்னரே "மலிவு" என்னும் சொல்லை வாயாற் சொல்லுக.

பெண்மக்களுக்கு ஒன்று கூறுவேன். 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் ஏற்பாடு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய பஸ்கள் எந்தத் தெருவுக்கு அடிக்கடி வருகின்றன என்று பார்த்து வீடு கொள்ளும் குடும்பம், மாதந்தோறும் ஒரு தொகையைச் சேமித்துக்கொள்ளும்.

காலமறிதல்

நகரத்தில் தூரத்தை மைலால் அளத்தல் ஆகாது. நாழிகையால் அளத்தல் வேண்டும். பத்துக் கிலோமீட்டரை மின்சார ரயில் அரைமணிக்குள் கடக்கும். அதே தூரத்தைச் சாலையில் மாலை ஆறு மணிக்குக் கடக்க ஒன்றரை மணியும் ஆகலாம். வீட்டுத் தரகர், "இங்கிருந்து ஆபீசுக்கு இருபது நிமிடம்" என்பார். அவர் சொல்வது பொய்யாகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது மெய். ஆதலால் வீட்டை ஞாயிறன்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தல் கூடாது. வேலைநாள் ஒன்றில் காலை எட்டரை மணிக்கு அவ்வீட்டு வாயிலிற் புறப்பட்டு அலுவலகம் வரை சென்று பார்த்தல் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்திற் புறப்பட்டு அவ்வீட்டு வாயில் வரை வந்தும் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டு பயணமும் செய்யாமல் எவ்வீட்டையும் பேசி முடிக்கற்க.

முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது, அதனைத் தவறவிட்டால் வேறு வழி யாது என்னும் மூன்றையும் கேட்டறிக. கணவனும் மனைவியும் இருவரும் வேலை செய்யும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. இருவர் அலுவலகமும் வெவ்வேறு திசையில் இருந்தால், இருவரில் யார் இரவில் நேரம் கழித்துத் திரும்புகின்றாரோ அவருடைய வேலையிடத்திற்கு அணித்தாக வீடு கொள்க. பகலில் நீளும் வழியைப் பொறுக்கலாம். இரவில் நீளும் வழி வீட்டிலிருப்போர் அனைவருடைய உறக்கத்தையும் கெடுக்கும்.

இடனறிதல்

இனி இடம். சென்னை என்னும் பெருநகரம் இருப்புப்பாதைகளை ஒட்டியே வளர்ந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. முன்னர்ப் பெரிய ஏரியாய்க் கிடந்த நிலத்தில் 1920-களில் அமைக்கத் தொடங்கிய தியாகராய நகர், மாம்பலம் நிலையத்தை வாயிலாகக் கொண்டு செழித்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்கள் நகரோடு இணைந்தமைக்கும் அம்மின்சார ரயிலே பெருந்துணை. அவ்வழி இன்று செங்கற்பட்டு வரை நீண்டுள்ளது. சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணத்திற்கு ஒரு வழியும், கும்மிடிப்பூண்டிக்கு ஒரு வழியும் உண்டு. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி வழியாக வேளச்சேரிக்குச் செல்லும் பறக்கும் ரயில் 1995-இல் தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டிற்று. 2015 ஜூன் 29-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய மெட்ரோ ரயில், 2021-இல் விம்கோ நகர் வரை சென்று, விமான நிலையத்தையும் சென்ட்ரலையும் பரங்கிமலையையும் இணைத்தது.

இவ்வழிகளை ஒரு தாளில் வரைந்து, வேலை செய்யும் இடத்தை அதிற் குறித்துக் கொள்க. வீட்டை முதலிற் பார்த்து வேலைக்கு வழி தேடுதல் தலைகீழ் முறை. வேலையிடத்திலிருந்து தொடங்கி வழியே பின்னோக்கி வருதலே நேர்முறை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தவன் அரக்கோணம் வழியில் வில்லிவாக்கம், கொரட்டூர், ஆவடி எனப் பார்க்கலாம். தரமணியில் வேலை கிடைத்தவளுக்குத் திருவான்மியூரும் வேளச்சேரியும் பறக்கும் ரயிலின் மேல் உள்ளன. வேலை அடிக்கடி மாறும் என்று அஞ்சுவோர், இரண்டு வழிகள் கூடும் இடத்தை நாடுக. கிண்டியிலும் பரங்கிமலையிலும் எழும்பூரிலும் மின்சார ரயிலும் மெட்ரோ ரயிலும் சந்திக்கின்றன. இத்தகைய இடத்தின் அருகே இருப்பவனுக்கு வேலை மாறினும் வீடு மாற வேண்டுவதில்லை. அந்நிலையங்களை ஒட்டி வாடகை மிகுதியாயின், அதே வழியில் சில நிலையம் தள்ளிப் பழவந்தாங்கலிலோ குரோம்பேட்டையிலோ பார்க்கலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கணினித் தொழிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுட் பலர் அச்சாலையிலேதான் வேலை பெறுகின்றனர். சிறுசேரி வரை அச்சாலையின் மேல் மெட்ரோ ரயில் அமைக்கும் பணி நடந்து வருகின்றது. வீட்டுக்காரர் பலர் வரப்போகும் ரயிலைக் காட்டி இன்றே வாடகையை உயர்த்திக் கேட்கின்றனர். நாளை வரும் வண்டியில் இன்று ஏறுதல் இயலாது. ஓடுகின்ற வண்டிக்கே வாடகை கொடுக்கலாம். வரைபடத்திலுள்ள வண்டிக்குக் கொடுக்கலாகாது.

ஊருக்கு வந்துபோகும் வழியையும் மறவாதீர். தென்மாவட்டப் பஸ்கள் ஒரு காலத்தில் பிராட்வேயிலிருந்து புறப்பட்டன. 2002-இல் நிலையம் கோயம்பேட்டில் அமைந்தது. 2023 டிசம்பர் 30-இல் வண்டலூருக்குத் தெற்கே கிளாம்பாக்கத்திற் புதிய நிலையம் திறக்கப்பெற்றது. கோயம்பேட்டை நம்பி அங்கே வீடு கொண்டவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரின் மறுகோடிக்கு ஓடும்படி நேர்ந்தது. பஸ் நிலையம் இடம்பெயரும். தண்டவாளம் எளிதிற் பெயராது. தெற்கிலிருந்து செல்லும் ரயில்களுட் பெரும்பாலன தாம்பரத்தில் நின்று செல்கின்றன. மகனைக் காண வரும் வயது முதிர்ந்த தாய் தந்தையர் விடியற்காலையில் அங்கே இறங்கி, மின்சார ரயில் ஏறி, வீட்டருகே இறங்கக்கூடுமாயின், ஆண்டுக்கு ஒருமுறை வருவோர் மூன்றுமுறை வருவர். அரசு பொது மருத்துவமனையும் சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே உள்ளது. நோயுற்ற காலத்தில் ரயில்வழி அங்கும் கொண்டு சேர்க்கும்.

நிலையத்திலிருந்து வீடுவரை நடக்கும் கடைசி வழியைக் கூர்ந்து நோக்குக. கால்மணி நேரத்திற்கு மேல் நடக்க வேண்டுமாயின், மழை நாளில் அது நிலையத்தருகே உள்ள வீடாகாது. தெருவிளக்கு எரிகின்றதா, இரவு ஒன்பதுக்குப் பின் கடைகள் திறந்திருக்கின்றனவா எனப் பார்க்க. நீர்நிலையையும் பார்க்க. 2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரி முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. அதே மாதத்தில் நம் மாவட்டத்திற் பெய்த மழையில், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, ஏறத்தாழ 800 பேர் தவித்ததை நாம் மறந்திலோம். ரயில் அருகிருந்தும் தெரு முழங்கால் நீராயின் பயன் என்? வீட்டுக்காரரைக் கேட்பதினும், தெருமுனையில் துணி தேய்ப்பவரைக் கேளுங்கள். நீர் எதுவரை நின்றது என்று கைகாட்டிச் சொல்வார்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும், அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும் என்பது அதன் விதி. வேறாக உடன்படிக்கை இல்லையாயின், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படுதல் கூடாது என்றும் அது கூறுகின்றது. பத்து மாத முன்பணம் கேட்போர் முன் இதனை எடுத்துச் சொல்ல நாணற்க.

உறவும் வழியும்

இதுவரை சொன்னவற்றை எவரும் மறுக்கமாட்டார். இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மருந்தென்று கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

நம்மவர் நகரத்தில் வீடு பார்க்கும் முறை யாது? "அங்கே நம்மவர் யார் இருக்கின்றார்?" என்று கேட்டு, சித்தப்பா இருக்கும் தெருவிலோ, மைத்துனர் இருக்கும் தெருவிலோ வீடு பார்ப்பதே. இதற்குத் தக்க காரணம் உண்டு. முன்பின் அறியாத ஊரில் ஆபத்துக்கு ஓடிவர ஓர் ஆள் வேண்டும். நல்லது கெட்டதற்குக் கூட நால்வர் வேண்டும். வயது வந்த பெண்ணைத் தனியே விடுதற்குத் தாய்மனம் அஞ்சும். இவற்றை நான் எள்ளி நகையாடேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, நன்கு படித்து, சிறுசேரியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பெற்றாள். பெற்றோர் அவளை ஆவடியில் உறவினர் வீட்டிற்குப் பக்கத்து வீட்டிற் குடிவைத்தனர். ஆவடி நகரின் வடமேற்குக் கோடி, சிறுசேரி தென்கோடி. விடியுமுன் புறப்பட்டு, ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி, இருட்டியபின் திரும்பினாள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வழியிலே கழிந்தது. உறவினர் வீடு பக்கத்திலிருந்தும் அவர்களோடு இருந்து உண்ண அவளுக்கு நேரமில்லை. ஆறாம் மாதம் வேலையை விட்டு ஊர் வந்து சேர்ந்தாள். "பெண்ணுக்கு அந்த வேலை ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊரார் பேசிக்கொண்டனர். ஒத்துக்கொள்ளாதது வேலையன்று, வழி. அவளுடைய தங்கை மேற்படிப்புக் கேட்டபோது, "அக்காள் படித்து என்ன கண்டாள்?" என்று அவ்வீட்டார் கேட்டதுதான் என் நெஞ்சைச் சுட்டது. ஒரு வீட்டைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழை, ஒன்றுமறியாத தங்கையின் கல்விமேற் போய் விழுந்தது.

அவளைத் திருவான்மியூரிலோ சோழிங்கநல்லூரிலோ, உடன் வேலை செய்யும் பெண்கள் நால்வரோடு சேர்த்துக் குடிவைத்து, உறவினர் வீட்டிற்கு ஞாயிறுதோறும் சென்றுவரச் செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? உறவு வாரத்தில் ஒருநாள் போதும். வழியோ வாரத்தில் ஆறு நாளும் வேண்டும். நாள்தோறும் வேண்டுவதை அருகில் வைத்து, வாரம் ஒருமுறை வேண்டுவதைத் தொலைவில் வைத்தலே அறிவுடைமை.

இன்னொன்று. நகரத்தில் வீடு கேட்டுச் சென்றால், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டுக் கதவடைக்கும் வீட்டுக்காரர் இன்றும் உளர். நம் பிள்ளைகள் அக்கேள்விக்கு விடை சொல்லித் தலைகுனிந்து திரும்பியதும் உண்டு. அது நமக்கு எவ்வளவு வருத்தம் தருகின்றது! ஆனால் சென்னையிற் சொந்த வீடு கட்டி வாடகைக்கு விடும் நம் சங்கத்தாருள்ளும், அதே கேள்வியைக் கேட்பவர் இல்லை என்று இவ்வவையில் ஒருவர் எழுந்து சொல்ல முடியுமா? நமக்குச் செய்யின் கொடுமை, நாம் செய்யின் குலவழக்கமா? வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைத் தூய்மையாக வைப்பாரா என்னும் இரண்டே வீட்டுக்காரர் கேட்கத்தக்கவை. ரயிலில் அருகில் அமர்பவரை நாம் குலம் கேட்டு அமர்வதில்லை. சுவருக்கு அப்பால் குடியிருப்பவரை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சங்கம் செய்யத்தக்கவை

உறவைத் துறந்து வழியைப் பற்றுக என்று நான் சொன்னதாக எவரும் கொள்ளற்க. உறவினர் செய்துவந்த காவலைச் சங்கம் ஏற்றுக்கொள்ளுமாயின், வீட்டை வழிநோக்கித் தேரலாம் என்பதே என் கருத்து. அதற்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றேன்.

ஒன்று: சென்னையிலுள்ள நம் உறுப்பினர் பெயர்களை இப்போது சொந்த ஊர் வாரியாக எழுதி வைத்திருக்கின்றோம். அதனோடு, ரயில் நிலைய வாரியாகவும் ஒரு பட்டியல் எழுதுக. கிண்டிக்கு அருகே யார், வேளச்சேரிக்கு அருகே யார் என்பது ஒரு பார்வையில் தெரிதல் வேண்டும். சித்தப்பா இல்லாத தெருவிலும் ஆபத்துக்கு அழைக்க ஒரு கைபேசி எண் இருக்குமானால் பாதி அச்சம் நீங்கும்.

இரண்டு: தாம்பரத்தை அடுத்து இரண்டு அறைகளைச் சங்கம் வாடகைக்கு எடுத்து, ஒன்றை ஆடவருக்கும் ஒன்றைப் பெண்டிருக்கும் ஒதுக்குக. புதிதாகச் செல்வோர் முதல் மாதம் அங்கே தங்கி, வேலைக்குப் போய்வந்து, வழிகளைக் காலால் அளந்தபின் நிலையான வீடு பார்க்கட்டும். வேலையில் சேருமுன்னரே ஊரிலிருந்தபடி தொலைபேசியில் வீடு பேசி முன்பணம் அனுப்பும் வழக்கம் ஒழியட்டும்.

மூன்று: நகரில் வேலை செய்யும் நம் பெண்மக்கள் இருவர் மூவர் ஆண்டுக்கு ஒருமுறை இங்கு வந்து, தாம் சென்றுவரும் வழியைத் தம் வாயாற் சொல்லட்டும். நான் சொல்வதினும் அவர்கள் சொல்வதைத் தாய்மார் நம்புவர்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு திருமணப் பந்தலுக்கு நாம் செலவிடுவதிற் சிறுபகுதி போதும். பிள்ளைகளைப் படிக்கவைத்தது ஒரு தலைமுறையின் உழைப்பு. அவ்வுழைப்பின் பயன் வீட்டு வாயிலுக்கும் அலுவலக வாயிலுக்கும் இடையே சிந்திப்போகாமற் காப்பது இத்தலைமுறையின் கடமை. இவ்வேண்டுகோள்களைச் செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே ஆராய்ந்து முடிவு காணுமாறு பணிந்து கேட்டுக்கொள்கின்றேன்.